விஞ்ஞானிக்கும் வேலை நிரந்தரம் வேண்டும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

போன வாரம் ஒரு நாள், முதல் ஷிப்டு முடிந்த நேரம், நம் சங்க அலுவலகத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். நான்கு வாலிபர்கள், இரண்டு பெண்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான ஆராய்ச்சி செய்கிறவர்கள். பார்த்தால் காலேஜ் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். விசாரித்தால் ஒவ்வொருவருக்கும் இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பது வயது. அதில் ஒரு பெண் நம் கார்டிங் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்ற தோழரின் மகள். ஒரு பையனின் தாயும் தகப்பனும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள்.

"நாலு மாதமாக எங்களுக்குப் பணம் வரவில்லை. இங்கே கேட்டால் தில்லியைக் கைகாட்டுகிறார்கள். தில்லிக்கு எழுதினால் இங்கிருந்து காகிதம் வரவில்லை என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கேட் முன்னால் உட்காரப் போகிறோம். இதற்கு முன் நாங்கள் இப்படிச் செய்ததில்லை. நீங்கள் வழி சொல்லவேண்டும். முடிந்தால் வந்து ஒரு வார்த்தை பேசவேண்டும்" என்றார்கள்.

வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் படியிறங்கியதும் நம் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "முழுப்பணம் வந்தால் மாதம் முப்பத்தேழாயிரம் என்று அந்தப் பையன் சொன்னானே, காதில் விழுந்ததா? என் மகன் ஸ்பின்னிங்கில் நின்று கால் வீங்கி வருகிறான், அவனுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. நாம் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் படிப்பாளிகளில் ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா? அவர்களுக்காக நாம் போய்க் கோஷம் போடுவதா?"

நியாயமான கேள்வி. உங்களில் பலர் மனதிலும் இது இருக்கும். மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். பத்தாவதோடு பள்ளியை விட்டவர்கள் நாம். ஆராய்ச்சிக்கூடத்தின் சங்கதி நமக்கு என்ன தெரியும் என்று இருந்துவிடக் கூடாது. அவர்களிடமே கேட்டோம், காகிதங்களை வாங்கிப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

கூலி என்று பெயரில்லாத கூலி

முதலில் அந்த முப்பத்தேழாயிரத்தைப் பார்ப்போம்.

விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, 'நெட்' என்ற அகில இந்தியப் பரீட்சை எழுதவேண்டும். எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில், உதவித்தொகையுடன் தேறுகிறவர்கள் அதில் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதிக்குத்தான் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்குமேல் 42,000 ரூபாய். வெளியே குடியிருந்தால் வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருஷம். ஐந்து வருஷம் முடிந்த மறுநாள், ஆராய்ச்சி முடிந்திருந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, பணம் நின்றுபோகும்.

பரீட்சையில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒன்று இருந்தது. அதையும் நிறுத்துவதாக யு.ஜி.சி. 2015 அக்டோபரில் முடிவு செய்தது. மாணவர்கள் தில்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அதன் பிறகே அந்த எட்டாயிரம் தப்பியது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் ஒரு காசும் வாங்காமல், எதிர்த்துக் கட்டணமும் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஏராளம்.

இந்தப் பணத்துக்குச் சம்பளம் என்று பெயரில்லை. உதவித்தொகை என்று பெயர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது, தோழர்களே! சம்பளம் என்றால் பிராவிடண்ட் பண்டு பிடிக்கவேண்டும், ஈ.எஸ்.ஐ. வேண்டும், கிராஜுவிட்டி வேண்டும், பஞ்சப்படி வேண்டும். உதவித்தொகை என்றால் ஒன்றும் வேண்டாம். கொடுத்தால் தயவு. கொடுக்காவிட்டால் கேட்பதற்கு இடமில்லை.

பஞ்சப்படி என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விலைவாசிப் புள்ளி ஏறினால் படி ஏறவேண்டும் என்பது நம் முன்னோர் அடிபட்டு, சிறைபோய் வாங்கித் தந்த உரிமை. இவர்களுக்கு அது கிடையாது. 2010-ல் 16,000 என்று வைத்தார்கள். 2014 வரை அது அசையவில்லை; அந்த ஆண்டு 25,000 ஆனது. பிறகு 2019 வரை அசையவில்லை, அப்போது 31,000. பிறகு 2023-ல்தான் 37,000. இடைப்பட்ட நாலு நாலு வருஷமும் அரிசி விலை, அறை வாடகை, பஸ் கட்டணம் காத்துக்கொண்டா இருந்தன? 2014-லிலும், 2018 கடைசியிலும் ஆராய்ச்சி மாணவர்கள் நாடெங்கும் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். உயர்வு தானாக வரவில்லை.

அந்த உயர்ந்த தொகையாவது மாதா மாதம் வருகிறதா? மூன்று மாதம், ஐந்து மாதம் தாமதம் என்பது சர்வசாதாரணம். ஒரு மாதக் கூலி பத்து நாள் தள்ளினால் நம் வீட்டில் என்ன ஆகும்? அந்தக் கார்டிங் தோழரின் மகள் சொன்னாள்: "அப்பாவின் பென்ஷன் பணத்தில் சாப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறேன்." ஆயுசெல்லாம் பஞ்சு தின்ற தகப்பனுக்கு இ.பி.எப். பென்ஷன் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பணம்தான் இன்று நாட்டின் விஞ்ஞானத்துக்கு முதலீடு!

மேஸ்திரியின் கையெழுத்து

இரண்டாவதாக, ஆள்பிடி.

ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்கும் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் உண்டு. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். தம் கைக்காசைக் கொடுத்து மாணவரைக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் ஆளைக் குறை சொல்லவில்லை, அமைப்பைச் சொல்கிறோம். மாதப் பணத்துக்கு அவர் கையெழுத்து. இரண்டு வருஷம் கழித்து உதவித்தொகை நீடிக்க அவர் கையெழுத்து. ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பது அவர் முடிவு. பட்டம் வாங்க அவர் கையெழுத்து. பட்டம் வாங்கியபின் எங்கே வேலைக்கு மனுப்போட்டாலும் அவர் கடிதம். மில்லில் ஒரு காலத்தில் மேஸ்திரி ஆள் எடுப்பான், ஆள் நீக்குவான், லஞ்சம் வாங்குவான், வீட்டு வேலை வாங்குவான். அந்த மேஸ்திரிக்குக்கூட இவ்வளவு கையெழுத்து இருந்ததில்லை.

வேலை நேரம் என்று ஒன்று இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு உபகரணம் காலியாக இருந்தால் அப்போது போகவேண்டும். ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை. ரசாயனப் புகைக்கு நடுவே நிற்கிறார்கள். ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கச் சட்டம் எங்கே என்று தேடவேண்டும், ஏனென்றால் அவர் தொழிலாளி இல்லையாம், மாணவராம்!

இந்த அதிகாரம் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மேல் எப்படி விழும் என்று சொல்லவேண்டுமா? ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலாவை நாடறியும். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டும், அதைத் தம் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தார். சாகப்போகிற பிள்ளை கூலி பாக்கியைக் கணக்குப் போட்டு எழுதிவைக்கிறான் என்றால், தோழர்களே, அது கூலி இல்லாமல் வேறென்ன?

பட்டத்துக்குப் பிறகும் பதலிதான்

சரி, ஐந்தாறு வருஷம் கஷ்டப்பட்டு டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் விடிந்துவிடுமா?

அந்த நேரம் வயது முப்பது. நிரந்தர வேலைக்கு இடம் காலி இல்லையா? இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் 2022-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் பதவிகள் காலி என்று பார்லிமெண்டிலேயே ஒத்துக்கொண்டார்கள். இடம் காலி; ஆள் தயார்; ஆனால் நியமனம் இல்லை. அதற்குப் பதிலாகத் திட்டத்துக்குத் திட்டம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம். திட்டப் பணம் தீர்ந்தால் மூட்டையைக் கட்டவேண்டும். அல்லது கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் உண்டு, பையில் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. நம் மாநில அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர்கள் பல ஆண்டுகள் அதில் பாதியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

மில்லில் பத்து வருஷம் பதலியாகவே ஓட்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தினமும் கேட்டில் நின்று, பெயர் கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு. 'சுமங்கலித் திட்டம்' என்று ஏழை வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டியதையும் பார்த்தோம். இதுவும் அதே வலைதான். கொஞ்சம் பொறு, பட்டம் வரும். இன்னும் கொஞ்சம் பொறு, வேலை வரும் என்று இளமையை வாங்கிக்கொள்கிறார்கள். இருபத்தைந்தில் வந்த பெண் முப்பத்தைந்திலும் அடுத்த ஒப்பந்தத்துக்கு மனு எழுதுகிறாள். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே எப்படியோ நடக்கவேண்டும்.

பணக்கார நாட்டிலும் இதே கதை

நம் நாடு ஏழை நாடு, அதனால் இப்படி என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 2007-ல் விஞ்ஞானத் துறைக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். பட்டத்துக்கு முன் ஆறு வருஷம், பின் ஆறு வருஷம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் பெரும்பாலோருக்கு வாசல் கதவுதான். 2021-ல் வந்த அந்நாட்டு அறிக்கை என்ன சொல்கிறது? உயர்கல்வி நிலையங்களில், பேராசிரியர் அல்லாத நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட அறிவியல் ஊழியர்களில் நூற்றுக்கு 92 பேர் தற்காலிகம்!

இந்தச் சட்டத்தைப் புகழ்ந்து அந்நாட்டு அமைச்சகம் ஒரு சின்னப் படம் எடுத்திருந்தது. அதில் ஹன்னா என்று ஒரு கற்பனைப் பெண், இளம் விஞ்ஞானி. ஒரு தலைமுறையே எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டால் புதுமை எப்படிப் பிறக்கும், ஆகவே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது நல்லது என்று அந்தப் படம் உபதேசம் செய்தது. 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான இளம் விஞ்ஞானிகள் "நான்தான் ஹன்னா" என்று பகிரங்கமாக எழுதத் தொடங்கினார்கள். அமைச்சகம் படத்தை எடுத்துவிட்டது. 2023-ல், பட்டத்துக்குப் பிந்திய ஆறு வருஷத்தை மூன்றாகக் குறைக்க யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பில், சில நாட்களிலேயே அதையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். 2022 நவம்பர் 14 அன்று பத்து வளாகங்களிலும் 48,000 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆராய்ச்சி மாணவர்கள், பட்டம் வாங்கிய இளம் விஞ்ஞானிகள், வகுப்பெடுக்கும் உதவியாளர்கள். இவர்கள் எந்தச் சங்கத்தில் இருந்தார்கள் தெரியுமா? மோட்டார் தொழிலாளர் சங்கத்தில்! கார் பட்டறைத் தொழிலாளியும் நுண்ணோக்கிக் கண்ணாடியில் குனிந்திருப்பவரும் ஒரே சங்கம். சரக்கு லாரி ஓட்டும் தோழர்கள் மறியல் கோட்டைத் தாண்டமாட்டோம் என்று வண்டியைத் திருப்பினார்கள். ஆறு வாரத்தில் ஒப்பந்தம் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 24,000 டாலர் வாங்கிய ஆராய்ச்சி மாணவருக்கு, 2024-க்குள் குறைந்தது 34,000 டாலர் என்று முடிவாயிற்று. அவர்கள் கேட்டது 54,000. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கையேந்தி நின்றவர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்கள்.

நமக்கென்ன வந்தது?

இப்போது மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறோம். இதெல்லாம் பாவம்தான், நமக்கென்ன?

நமக்கு நேரடியாக வந்திருக்கிறது. ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறோம், கேளுங்கள்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்ற மாநிலம். அங்கே ஒரு துணி ஆலை. நைலான் இழையைத் தூள் தூளாக வெட்டி, பசை தடவிய துணிமேல் ஒட்டி, வெல்வெட் மாதிரி செய்கிற ஆலை. 1990-களில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் மூச்சுத் திணறலுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டேவிட் கெர்ன் என்ற டாக்டர் அவர்களைப் பார்த்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொழில்நோய் ஆராய்ச்சி செய்துவந்தவர். அதே ஆலையிலிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர் என்று நுரையீரல் கெட்டு வரவே, இது ஆலைத் தூசியால் வரும் புது நோய் என்று கண்டுகொண்டார். அதை டாக்டர்கள் மகாநாட்டில் சொல்ல எழுந்தார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? முன்பு ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது தொழில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டி, வெளியே சொன்னால் வழக்கு என்றது. பல்கலைக்கழகமும் அவரைப் பின்வாங்கச் சொன்னது. அவர் பின்வாங்கவில்லை. 1997 மே மாதம் மகாநாட்டில் சொன்னார். அதற்குச் சில நாள் முன்பே அவர் நடத்திய தொழில்நோய்ப் பிரிவு மூடப்படும், அவருடைய ஒப்பந்தம் முடிந்தபின் புதுப்பிக்கப்படாது என்று தாக்கீது வந்துவிட்டது. 1998-ல் அந்த நோய்க்கு அவர் எழுதிய பெயர் மருத்துவப் பத்திரிகையில் ஏறியது. தொழிலாளியின் நோய்க்குப் பெயர் கிடைத்தது. டாக்டரின் வேலை போனது.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். அவர் அனுபவம் முதிர்ந்த டாக்டர், பெயர் பெற்றவர். அவர் வேலையே ஒப்பந்தத்தில் தொங்கியது. அந்த இடத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தால்? நாலு மாதப் பணம் பாக்கி, அடுத்த வருஷ ஒப்பந்தம் ஒருவர் கையெழுத்தில், ஊரில் தாய் தகப்பன் காத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறப்பாளா? திறக்கவில்லை என்றால் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா?

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை அடைக்கிறதே, அது பஞ்சுத் தூசியால் வரும் நோய் என்று அளந்து நிரூபித்தவர்கள் விஞ்ஞானிகள். வயலில் மருந்து அடித்துவிட்டு வந்து வாந்தி எடுக்கிறோமே, அது எந்த மருந்தால், எவ்வளவால் என்று சொல்லவேண்டியவர்கள் விஞ்ஞானிகள். சாயக் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, குடிக்காதே என்று எழுதவேண்டியவர்களும் அவர்கள்தான். அந்த எழுத்தின் மறுபக்கத்தில் முதலாளி இருக்கிறான், கம்பெனி இருக்கிறது, சர்க்கார் இருக்கிறது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர் கையில் அந்தப் பேனாவைக் கொடுத்தால், அது எப்படி நிமிர்ந்து எழுதும்?

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. தஞ்சையில் பண்ணையாள் தோழர்கள் கூலி மட்டுமா கேட்டார்கள்? நினைத்தபோது நீக்கக்கூடாது என்று கேட்டார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்காகத்தான். ஏன் அப்படிக் கேட்டார்கள்? நாளைக்கும் இந்த வயலில் வேலை உண்டு என்று தெரிந்தவன்தான் இன்று மிராசுதாரின் முகத்தைப் பார்த்துப் பேசுவான். நிரந்தரம் என்பது சோம்பலுக்குக் கேட்கும் சலுகை அல்ல. முதுகெலும்பை நிமிர்த்தக் கேட்கும் உரிமை.

முப்பத்தேழாயிரம் நம் கூலியைவிட அதிகம் என்பது உண்மை. அதனால் அவர்கள் குறைத்து வாங்கவேண்டும் என்பதா முடிவு? நம் கூலி கேவலமாக இருக்கிறது என்பதுதான் முடிவு. அவர்களும் நாமும் ஒரே தட்டில் கைவைப்பதாக நினைத்துச் சண்டையிட்டால், தட்டை வைத்திருப்பவன் சிரிப்பான். நம் வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அதை அவர்களிடமே சொன்னோம். ஒருவரும் மறுக்கவில்லை. கார்டிங் தோழரின் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "அப்போது நாங்களும் தொழிலாளிகள் என்று எங்களுக்குத் தெரியாது" என்றாள். தெரியாதவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் என்ன வேண்டும்?

திங்கட்கிழமை செய்யவேண்டியது

அவர்களுடைய கோரிக்கைகள் நான்கு.

1. உதவித்தொகை பாக்கி உடனே தரவேண்டும். மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் பணம் வரவேண்டும்.

2. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் தொகை உயரவேண்டும். போராடினால்தான் உயர்வு என்பது ஒழியவேண்டும்.

3. காலிப் பதவிகளை, இட ஒதுக்கீட்டு விதிப்படி, நிரந்தரமாக நிரப்பவேண்டும்.

4. வழிகாட்டிமேல் புகார் சொல்லவும், வேறு வழிகாட்டியிடம் மாறவும் உரிமை வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது.

இதில் எதுவாவது நாம் கேட்காததா? பெயரை மாற்றிவிட்டால் நம் மில் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்தான்.

ஆகவே திங்கட்கிழமை முதல் ஷிப்டு முடிந்தவர்கள் நேராகப் பல்கலைக்கழகக் கேட்டுக்கு வாருங்கள். கிராமத் தோழர்கள் நடவு முடித்து மாலையில் வந்தாலும் போதும். பேச ஆள் தேவையில்லை; உட்கார ஆள் தேவை. அவர்கள் இதற்கு முன் தரையில் உட்கார்ந்து பழகாதவர்கள். போலீஸ் வண்டி வந்து நின்றால் பயப்படுவார்கள். பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியும் ஒரு விவசாயத் தொழிலாளியும் உட்கார்ந்திருந்தால் பயப்படமாட்டார்கள்.

கேள்வி கேட்ட மூத்த தோழர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். அவரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் வரிசையில், அந்தக் கார்டிங் தோழரின் மகளுக்குப் பக்கத்தில், நீங்களே உட்காருங்கள். நாளைக்கு உங்கள் மகனின் நெஞ்சிலிருந்து எடுத்த எக்ஸ்ரே படம் அவள் மேஜைக்கு வரலாம். அதில் இருப்பதை இருக்கிறபடி எழுத அவளுக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைத் திங்கட்கிழமை நாம் கொடுத்துவிட்டு வருவோம்.